ஷியாவ்மானுக்கு என்ன வயசு?

நான்ஜிங் ரயில் நிலையத்தில் இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் அத்தனை பேர் தலையிலும் சிவப்புத் தொப்பி ஏறிவிட்டது. லுவோயாங்கில் ஆளுக்கொரு தெருவில் ஆளுக்கொரு கௌரவத்தோடு இருந்தவர்கள். தொப்பியை மாட்டியதும் யார் யாருக்கு வீட்டுக்காரர், யார் யாருக்குப் பெண்டாட்டி என்று அடையாளமே தெரியவில்லை. ஓய்வுபெற்றவர்களுக்கான சலுகைப் பயணம்; ஐந்து நகரங்கள், கடைசியில் ஷாங்காய். இந்த மாதிரிப் பயணத்தில் ஊரைப் பார்க்கலாம் என்று நினைப்பவர் இதுவரை போகாதவராகத்தான் இருப்பார். பஸ்ஸில் தூக்கம், இறங்கினால் கழிப்பறை வரிசை, பிறகு ஒரு போட்டோ, பிறகு முத்துக் கடை. அப்படியும் வருஷா வருஷம் கூட்டம் குறைவதில்லை. மகன், மகள் காசில் வருகிறவர்கள் பாதி, வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வருகிறவர்கள் பாதி.

லாவ் தெங் இரண்டாவது வகை. டிராக்டர் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். அவர் மனைவி பெய்லான் நூல் மில்லில் இருந்தவள். ஏழு வருஷமாகக் கறிகாய்ச் சந்தையைத் தாண்டி எங்கும் போகாதவள், தெருமுனைப் பயண அலுவலகத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு ஒரு நாள், "போலாமா?" என்றாள். தாளில் கடைசி ஊர் எது என்று அவர் பார்த்தார். அவளும் பார்த்திருப்பாள். கேட்கப் பயந்துகொண்டு, "போலாம்" என்று சொல்லிவிட்டார்.

பஸ் கிளம்பியதும் வழிகாட்டிப் பெண் லூ மைக்கை எடுத்தாள். வயது இருபத்தைந்துகூட இருக்காது. கையில் நீட்டி மடக்கும் கம்பி, அதன் நுனியில் ஒரு மஞ்சள் வாத்துப் பொம்மை. ஐந்து நாளும் அந்த வாத்துக்குப் பின்னால்தான் போக வேண்டும்.

"மாமாக்களே, அத்தைகளே! இனிமே நாம எல்லாரும் ஒரே குடும்பம். மைக் சுத்தி வரும். பேர் சொல்லுங்க, எங்க வேலை பாத்தீங்க, பிள்ளைங்க என்ன பண்றாங்க, பேரன் பேத்தி எத்தனை, எல்லாம் சொல்லுங்க. வெக்கப்பட்டா பாட்டுப் பாட வெச்சிடுவேன்!"

மைக் வந்தது. ஒருவருக்கு மகன் ஷென்ஜனில் எஞ்சினியர். இன்னொருவருக்கு இரட்டைப் பேத்திகள், உடனே போனில் படமும் சுற்றி வந்தது. லாவ் தெங் தன் முறைக்கு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்: நாங்க ரெண்டு பேரு, உடம்பு நல்லா இருக்கு, அவ்வளவுதான். அதைச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் பெய்லான் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"என் பேரு பெய்லான். இவரு டிராக்டர் ஃபேக்டரில இருந்தாரு. எங்களுக்கு ஒரே பொண்ணு. ஷியாவ்மான்னு பேரு. ஷாங்காய்ல வேலை பாக்கறா."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் ஏழு வருஷமாக யாரும் உச்சரித்ததில்லை.

முன் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் தொப்பியோடு திரும்பினாள். குண்டு முகம், கழுத்தில் வானவில் மாதிரி ஒரு பட்டுத் துணி. "ஷாங்காயா! அப்ப கடைசி நாள் பொண்ணைப் பாத்துடலாம்னு சொல்லு. நான் பெங். உன்னைவிட மூத்தவதான், அக்கான்னே கூப்பிடு. இந்தா, சூரியகாந்தி விதை கொறி. கல்யாணம் ஆயிடுச்சா அவளுக்கு?"

"இன்னும் இல்ல."

"இன்னும் இல்லையா!" பெங் அக்காவின் கண்ணில் விளக்கு எரிந்தது. அவளுக்கு இந்த மாதக் கடைசியில் மகன் கல்யாணம். அந்த உற்சாகத்தில் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் கல்யாணம் பண்ணிவைக்கத் தயாராக இருந்தாள்.

அன்று சாயங்காலம் ஹோட்டல் அறையில் லாவ் தெங் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னன்னு சொல்லணும்? நீங்களே சொல்லுங்க."

ஒரு பிள்ளை போதும் என்று சட்டம் இருந்த காலத்தில், ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர் அவர். அதற்காகத் தொழிற்சாலையில் மேடை ஏற்றிக் கை குலுக்கினார்கள். அந்த ஒன்று, இருபத்தாறாவது வயதில், ஷாங்காயில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. பிள்ளை செத்தால் பெற்றவர்கள் வழியனுப்பப் போகக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பெய்லானை அவள் அக்கா தங்கைகள் அறையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமே என்று லாவ் தெங் மட்டும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது மடியில் ஒரு சாம்பல் பெட்டி இருந்தது. அவளைப் பொறுத்தவரை மகள் ஷாங்காய்க்குப் போனாள், பெட்டி ஷாங்காயிலிருந்து வந்தது. நடுவில் எதையும் அவள் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். போட்டேன் என்று சொல்லிப் போடவில்லை. அவள் மகள் பேச்சை எடுத்தால் எழுந்து மாடியில் காயும் துணியை எடுக்கப் போய்விடுவார். படங்களைப் பரண்மேல் ஏற்றினார். அவளை அழ விடாமல் காப்பதாகத்தான் அவர் நினைத்தார். ஊரும் அதையே செய்தது. ஒற்றைப் பிள்ளையை இழந்த வீட்டாரை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை, கைக்குழந்தையைக் காட்டுவதில்லை. புத்தாண்டு அன்று கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் தொலைக்காட்சி பார்ப்பார்கள். யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஷியாவ்மான் அந்த பஸ்ஸில் அவர்களோடு பயணம் செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நான்ஜிங்கில் உப்பு வாத்து பரிமாறியபோது, "எங்க பொண்ணு கழுத்துத் துண்டை மட்டும்தான் எடுப்பா" என்றாள் பெய்லான். வூஷியில் ஏரிக்கரையில் நின்று, "அவளுக்குத் தண்ணின்னா பயம்" என்றாள். சூஜோவில் பட்டுக் கடைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, ஒருவன் மெத்தை உறையைப் பிய்த்துப் பிய்த்துக் காட்டிப் பிரசங்கம் செய்தான். மற்றவர்கள் நைசாக நழுவப் பார்க்க, இவள் முன்வரிசையில் நின்று இளஞ்சிவப்பு வேண்டாம், பச்சைதான் அவளுக்குப் பிடிக்கும் என்று கடைக்காரனோடு வாதாடினாள். சிரித்தாள்கூட. பெய்லானின் ஒரு பல் கோணலாக இருப்பது லாவ் தெங்குக்கு அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. அவளைத் தடுக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. ஷாங்காய் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவரை விடவில்லை. மகள் எங்கே என்று எல்லாரும் கேட்பார்களே. அதைவிடப் பெரிய பயம், இவளே தெருவில் நின்று தேட ஆரம்பித்துவிட்டால்?

ஹாங்ஜோவில் படகு ஏறினார்கள். மணப்பூக்கள் பூத்து ஏரி முழுக்க வாசம். லூ மைக்கில் பாட்டி காலத்துப் பாம்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், யாரும் கேட்கவில்லை. பெங் அக்கா தன் தங்கை மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஷாங்காய்ல கம்ப்யூட்டர் வேலை. தலையில முடி கொஞ்சம் கம்மிதான், இப்பவே சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது. பன்றி வருஷத்துல பொறந்தவன். உம்பொண்ணு என்ன வருஷம்?"

"புலி."

"பன்றிக்கும் புலிக்கும் அப்படிப் பொருந்தும்! வயசு?"

"இருபத்தாறு" என்றாள் பெய்லான்.

பெங் அக்காவின் கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓட ஆரம்பித்தது. எலி, மாடு, புலி, முயல் என்று வருஷத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும் பன்னிரண்டு மிருகங்களும் அந்தத் தலைமுறைக்கு விரலில் இருக்கும். அவர்கள் பயணம் போனதும் ஒரு பன்றி வருஷத்தில்தான். புலியில் பிறந்தவர்களுக்கு அப்போது இருபத்தொன்று நடக்கும், இல்லாவிட்டால் முப்பத்து மூன்று. இருபத்தாறு வயதுப் புலி சீன தேசத்தில் எங்கேயும் கிடையாது. விரல் நின்றது. பெங் அக்கா தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"அடி கள்ளி! ஏழு வயசைச் சுரண்டிட்டியே! மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி நான் மிருகத்தைத்தான் முதல்ல கேப்பேன், தெரியுமா? வயசுல பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு மிருகத்துல சொல்லத் தெரியலையே. பொண்ணைப் பெத்தவ எல்லாரும் குறைக்கிறதுதான். ஆனா ரெண்டு, மூணு குறைப்பாங்க. நீ ஒரேயடியா ஏழு!"

படகே சிரித்தது. பெய்லான் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் வயதைக் குறைக்கவில்லை என்பது லாவ் தெங் ஒருவருக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்த கடைசி வயதைத்தான் அவள் சொன்னாள்.

"முப்பத்து மூணு" என்றார் அவர். "இவளுக்குக் கணக்கு வராது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முப்பத்து மூன்று. இருந்திருந்தால் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கும். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தக் கணக்கைப் போட்டதில்லை. ஏரியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஷாங்காயில் இறங்கியது சனிக்கிழமை மத்தியானம். லூ வாத்தை உயர்த்தி, "சாயங்காலம் வரைக்கும் உங்க இஷ்டம். இந்த ஊர்லயும் நான்ஜிங் ரோடுன்னு ஒரு தெரு இருக்கு, அங்க கடை பாருங்க. தொலைஞ்சு போனா சிவப்புத் தொப்பியைக் கழட்டாதீங்க, அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்" என்றாள்.

பெய்லான் எங்கும் ஓடவில்லை, யாரையும் தேடவில்லை. லாவ் தெங்கின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பெங் அக்காதான் விடவில்லை.

"பொண்ணு எப்ப வர்றா?"

"வேலை இருக்காம்" என்றார் லாவ் தெங் அவசரமாக.

"சனிக்கிழமையுமா? சரி விடு. பக்கத்துலதான் மக்கள் பூங்கா. கல்யாண மூலைய பாக்காம ஷாங்காய்லேருந்து போவாளா ஒருத்தி? வா தங்கச்சி. என் தங்கை மகனுக்கும் பாத்து வைக்கிறேன், உம்பொண்ணுக்கும் பாக்கலாம். நாலு இடம் பாத்து ஒண்ணை எடுக்கணும்."

"நாம வேண்டாம்" என்றார் அவர்.

"போலாம்" என்றாள் பெய்லான்.

பூங்காவின் அந்த மூலையில் மழை இல்லாமலே குடைகள் விரிந்திருந்தன. நடைபாதையின் இரண்டு பக்கமும் தரையில் குடை, ஒவ்வொரு குடைமேலும் ஒரு தாள், தாளில் ஒரு பிள்ளையின் உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா இல்லையா. பின்னால் சிறு முக்காலியில் பெற்றவர்கள். பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. பல பேருக்குத் தங்கள் பெயரில் குடை விரிந்திருப்பதே தெரியாது. சந்தையில் முட்டைக்கோஸைப் புரட்டுகிற மாதிரி ஜனங்கள் தாளுக்குத் தாள் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பெங் அக்கா தன் கைக்குடையை விரித்தாள், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள், தானே எழுதினாள். "பெண். புலி. உயரம் என்ன? படிப்பு? சரி. உக்காரு தங்கச்சி." மரத்தடிச் சுவரின் விளிம்பில் பெய்லானை உட்காரவைத்துவிட்டாள்.

ஆட்கள் வந்தார்கள். பெண் கணக்கு வேலை பார்க்கிறாளா, எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறாள், சமைப்பாளா என்று கேட்டார்கள். பெய்லான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முட்டையும் தக்காளியும் மட்டும் நன்றாகச் சமைப்பாள். பாத்திரம் கழுவச் சொன்னால் தலைவலி வந்துவிடும். கோபம் வந்தால் பேச மாட்டாள், ஆனால் அரை நாள் தாங்காது, தானாக வந்து நிற்பாள். பொய் ஒன்றுகூட இல்லை. லாவ் தெங் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டார். இதில் சில விஷயங்கள் அவருக்கே மறந்துபோயிருந்தன. மகளைத் தன் கையாலேயே பரண்மேல் ஏற்றி வைத்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

முத்து மாலை போட்ட ஷாங்காய்க்கார அம்மாள் ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். எதிர்வரிசையில் அவளுடைய குடையும் இருந்தது. முப்பத்தைந்து வயது மகன்.

"உங்க பேச்சு எனக்குப் பிடிச்சிருக்கு. இங்க எல்லாரும் பொண்ணை அளந்து கொட்டறாங்க, நீங்கதான் குறையையும் சேத்துச் சொல்றீங்க. நம்பர் குடுங்க. இன்னிக்கே பேசச் சொல்றேன்."

"குடு, குடு" என்று பெங் அக்கா முழங்கையால் இடித்தாள். "பாத்தியா, உக்காந்து ஒரு மணி நேரம் ஆகலை!"

பெய்லான் தலையைக் குனிந்தாள். "குடுக்க முடியாதுங்க."

"ஏன், எம்பையனுக்கு என்ன குறை?" அந்த அம்மாளுக்குச் சுருக்கென்றது. "குடுக்க இஷ்டமில்லைன்னா எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க? வேடிக்கை பாக்க வந்த டூர்க்காரங்களா?"

லாவ் தெங் இரண்டு எட்டு முன்னால் வந்தார். ஏதாவது பொய் சொல்ல வேண்டும், வெளியூர் போயிருக்கிறாள் என்றோ, நம்பர் மாறிவிட்டது என்றோ. அதற்குள் பெய்லான் நிமிர்ந்துவிட்டாள்.

"அவ இல்லைங்க. போயி ஏழு வருஷம் ஆகுது. இந்த ஊர்லதான். என்னை மன்னிச்சிடுங்க. நீங்கள்லாம் கேட்டீங்க, அதனால உக்காந்துட்டேன். ஏழு வருஷமா எம்பொண்ணைப் பத்தி என்கிட்ட யாருமே எதுவும் கேக்கல. என் வீட்டுக்காரர்கூட."

முத்து மாலை அம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு முகம் மாறி, தரையில் மூன்று தடவை, "தூ, தூ, தூ" என்று துப்பினாள். "கல்யாணம் பேசற இடத்துல செத்தவளைக் கொண்டாந்து வெச்சிருக்கியே! என் பையன் பேரையும் சேத்துச் சொல்ல வெச்சிட்டியே!" ஓடிப்போய்த் தன் குடையைப் பிடுங்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனாள். பக்கத்துக் குடைகளும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. யாரும் திட்டவில்லை, தங்கள் முக்காலியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தள்ளிப் போனார்கள்.

பெய்லான் பெங் அக்காவைப் பார்த்தாள். ஐந்து நாளாகத் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தவள், வெந்நீர்க் குடுவையைப் பகிர்ந்துகொண்டவள்.

"அக்கா..."

பெங் அக்காவின் கண் கலங்கித்தான் இருந்தது. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் கை பெய்லானின் தோளிலிருந்து எப்போதோ இறங்கியிருந்தது. "மாசக் கடைசில எம்பையனுக்குக் கல்யாணம், தங்கச்சி" என்றாள் மெதுவாக. "தப்பா எடுத்துக்காத. நான்... டாய்லெட் போயிட்டு அப்படியே பஸ்ஸுக்கு வந்துடறேன்." குடையை எடுக்கக் குனிந்தவள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கூட்டத்தில் அந்தச் சிவப்புத் தொப்பி கொஞ்ச தூரம் தெரிந்தது.

அவர்களைச் சுற்றி வெற்றுத் தரை. பெய்லான் அழவில்லை. மடியில் கை வைத்துக்கொண்டு, தப்பு செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். போகலாம் வா என்று சொல்லத்தான் லாவ் தெங் வாயெடுத்தார். ஏழு வருஷமாக அதைத்தானே சொல்லியிருக்கிறார். வேண்டாம் விடு, போகலாம் வா, எழுந்து முகத்தைக் கழுவு.

அவர் தொப்பியைக் கழற்றினார். முத்து மாலை அம்மாள் நின்றிருந்த இடத்தில், குடைக்கு இந்தப் பக்கம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டார்.

பெய்லான் அவரை வெறித்துப் பார்த்தாள். "ஷியாவ்மான்" என்றாள்.

"என்ன பிடிக்கும் அவளுக்கு?"

"பச்சைக் கலர். நண்டு. கொத்தமல்லியைப் பொறுக்கிப் போட்டுடுவா."

"அம்மாகிட்ட அடிக்கடி பேசுவாளா?"

"தினம் பேசுவா. சாப்பிட்டுட்டு போன் பண்ணுவா."

அடுத்த கேள்வியை அவர் யோசித்துக் கேட்கவில்லை. அத்தனை வருஷமும் துணி எடுக்க மாடிக்கு ஓடியது இந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்பது கேட்கும்போதுதான் தெரிந்தது.

"கடைசியா... என்ன பேசினா?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ஆஃபீஸ்ல ஏதோ தகராறுன்னா. குளிருதுன்னா. அப்புறம், அப்பாகிட்ட குடும்மா, ஒரு விஷயம் சொல்லணும்னா." பெய்லான் நிறுத்தினாள். "நீங்க பகல் முழுக்க மிஷின் தூக்கிட்டு வந்து அசந்து தூங்கிட்டிருந்தீங்க. தூங்கறாரும்மா, எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்மா, பாவம், நாளைக்குப் பேசிக்கறேன்னு சொல்லிட்டா."

பூங்காவில் யாரோ சம்பளத்தைப் பற்றி உரக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். லாவ் தெங்குக்கு எதுவும் காதில் விழவில்லை. ஷாங்காயில் கையெழுத்துப் போட்டபோது அழாதவர், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் ரயிலில் வந்தபோது அழாதவர், நடைபாதையில் நாலு பேர் பார்க்க வாய்விட்டு அழுதார்.

"எழுப்பியிருக்கலாமே, பெய்லான்" என்றார். "என்னை எழுப்பியிருக்கலாமே."